குடைச் சின்னத்து ஆறுமுகச்சாமி

சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் என் சைக்கிள் கடைக்கும் ஆறுமுகச்சாமியின் தையல் கடைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். மிஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவருக்கு வேலை நெருக்கடியா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின இரண்டு மாசமும் அந்தச் சத்தம் ஓயவே ஓயாது.

எழுபத்தேழாம் வருஷம் மே மாசத்தில், தபசு வேலை குவிய ஆரம்பித்த நேரத்தில், மிஷின் சத்தம் நின்றுபோனது. எட்டிப் பார்க்கலாம் என்று எழுந்தேன். அவரே வந்து என் கடை வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்குவே?"

"எலெக்சன்ல நிக்கப் போறேன். முன்மொழிய இந்தத் தொகுதியில ஓட்டு இருக்கவரு ஒருத்தரு வேணும்."

ஆறுமுகச்சாமி அதிகம் பேசுகிறவர் இல்லை. எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போய் நான் பார்த்ததில்லை. விளையாட்டுக்குச் சொல்லுகிறார் என்று நினைத்தேன்.

"ஜெயிச்சிருவோம்னு நெனைக்கீரா?"

"ஜெயிக்கதுக்கு இல்ல. வேட்பாளரா நிக்கவரு ஒவ்வொரு பூத்துலயும் ஒரு ஏஜெண்டை உக்கார வைக்கலாமாம். பேப்பர்ல போட்டிருந்தான். எனக்கு நொச்சிமேட்டு பூத்து ஒண்ணு போதும் அண்ணாச்சி."

"ஏஜெண்டா யாரை வைக்கப் போறீரு?"

"மாடத்திய."

மாடத்தி அவர் மனைவி. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

நொச்சிமேடு அவருடைய சொந்த ஊர். டவுனுக்குக் கிழக்கே, மானாவாரிக் காடுகளைத் தாண்டி இருக்கிறது. ஊருக்கும் அவர்கள் இருக்கிற காலனிக்கும் நடுவில் ஓர் ஓடை. வாக்குச்சாவடி ஊருக்குள் இருந்த பள்ளிக்கூடத்தில். காலனிக்காரர்கள் ஓட்டுப் போடணும் என்றால் ஓடையைக் கடந்து பெரிய தெரு முழுக்க நடந்து போகணும். சாதாரண நாளில் அந்தத் தெருவில் அவர்கள் கால் வைப்பதில்லை. வைக்க விடுவதும் இல்லை.

எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தலில் மாடத்தி முதல்முதலாக ஓட்டுப் போடப் போனாள். தலைக்குக் குளித்து, கல்யாணச் சேலையை உடுத்திக்கொண்டு போனாள். "உன் ஓட்டைப் போட்டாச்சு, போ" என்று சொல்லிவிட்டார்கள். காலனியில் பாதிப் பேருக்கு அதே பதில்தான். எழுபத்தேழு மார்ச்சில் பார்லிமெண்டுத் தேர்தல் வந்தபோதும் அதே கதை. நடுவில் ஆறுமுகச்சாமி இரண்டு முறை மனு எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. எங்கள் தொகுதி தனித்தொகுதி. நிற்கிறவர்கள் எல்லாரும் அவருடைய சனம்தான். ஆனால் நொச்சிமேட்டில் அந்தச் சனத்தின் ஓட்டு மட்டும் அவர்கள் கையில் இல்லை.

என் வீட்டுக்காரி இன்பத்திடம் சொன்னேன். வீண் வம்பு வருமோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு தயக்கம். அவள் சோற்றை வடித்துக்கொண்டே, "கையெழுத்துத்தான கேக்காரு? போட்டுட்டு வாங்க" என்றாள். போட்டேன்.

சின்னம் கேட்கப் போன இடத்தில் தையல் மிஷின் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பட்டியலில் அது இல்லை. குடை கிடைத்தது. அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயில் தணியாத நாட்கள். நான் சைக்கிளை மிதிக்க, அவர் பின்னால் கேரியரில் உட்கார்ந்து குடையை விரித்துப் பிடித்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் நிழல், பிரச்சாரமும் ஆச்சு. மைக் செட் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. மரத்தடியில் நாலு பேர் இருந்தால் இறங்கிக் கும்பிடுவார்.

"எந்தச் சின்னத்துல வேணும்னாலும் போடுங்க. ஆனா உங்க ஓட்டை நீங்களே போய்ப் போடுங்க."

"உமக்குப் போடச் சொல்லலையா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"போட்டா வேண்டாம்னா சொல்லுவேன்?" என்றார் ஆறுமுகச்சாமி. எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெரியவர் எங்கள் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து அனுப்பினார்.

வாக்குப்பதிவு அன்று நான் நொச்சிமேட்டுப் பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். வேட்பாளர் என்பதால் ஆறுமுகச்சாமி உள்ளே போய் வரலாம். அவர் சொன்னதையும் ஜன்னல் வழியாக நான் பார்த்ததையும் சேர்த்துத்தான் இதைச் சொல்லுகிறேன்.

காலையில் மாடத்தி ஏஜெண்டு நியமன பாரத்தைக் கையில் பிடித்தபடி உள்ளே போனாள். ஐந்தாம் வகுப்புப் படித்தவள், பெயர்களை எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள். பெரிய கட்சிகளின் ஏஜெண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் வீரபாண்டி, பெரிய தெருக்காரர், நிலம் நீச்சு உள்ளவர். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இவ இங்கன எங்க கூடல்லாம் உக்காரதா?"

பூத் அதிகாரி ஞானஒளிவு என்று ஒரு ஹைஸ்கூல் வாத்தியார், நாசரேத்துப் பக்கத்துக்காரர். மாடத்தியின் பாரத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இந்த அம்மா ஒரு வேட்பாளரோட ஏஜெண்டு. நீங்களும் ஒரு வேட்பாளரோட ஏஜெண்டு. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அவங்களுக்கு இடம் வேணும்."

சத்தம் போடாமல்தான் சொன்னார். வீரபாண்டி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். மாடத்தி மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்காருமுன் தன் ஓட்டைப் போட்டாள். விரலில் மை வைத்தவர் அடுத்த பெயரைக் கூப்பிட்ட பிறகும் அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஊருக்குள்ளிருந்து ஒரு ஆள் சிவனாண்டி என்ற பெயரில் ஓட்டுப் போட வந்தான்.

"சார், சிவனாண்டி என் கொழுந்தன்" என்றாள் மாடத்தி. "அவன் பம்பாயில இருக்கான். இது அவன் இல்ல."

வந்தவன் வீரபாண்டியைப் பார்த்தான். வீரபாண்டி கூரையைப் பார்த்தார். ஞானஒளிவு, "உம்ம தகப்பனார் பேரு என்ன?" என்று கேட்டதும் அவன் வந்த வழியே போய்விட்டான். பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து இதே மாதிரித் திரும்பிப் போனார்கள். அதற்கப்புறம் காலனிக்காரர்கள் பெயரைச் சொல்லி யாரும் வரவில்லை. சேதி ஓடையைத் தாண்டிக் காலனிக்குப் போனது. வெளியே நின்ற நான் பார்த்தேன், பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து பெரிய தெரு வழியாக வந்தார்கள். திண்ணைகளில் இருந்தவர்கள் முறைத்தார்கள். அந்தப் பெண்கள் தலை நிமிரவில்லை, ஆனால் திரும்பிப் போகவும் இல்லை.

மத்தியானம் வீரபாண்டி சாப்பிடப் போயிருந்த நேரத்தில்தான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எதிர்க்கட்சி ஆள் ஒருவன் வீரபாண்டியின் அண்ணன் மருதப்பன் பெயரில் ஓட்டுப் போட வந்தான். மருதப்பன் ராஜபாளையம் மில்லில் வேலை பார்க்கிறவர். வரமாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்கள் யாரும் அப்போது உள்ளே இல்லை. மாடத்திக்கு இதில் என்ன வந்தது, பேசாமல் இருந்திருக்கலாம்.

"சார், இவரு மருதப்பன் இல்ல. அவருக்கு நெத்தியில தழும்பு இருக்கும்" என்றாள்.

அந்த ஆளும் திரும்பிப் போனான். நாலு மணி பஸ்ஸில் மருதப்பன் நிஜமாகவே வந்து இறங்கி, நேராக வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். ஞானஒளிவு நடந்ததை வீரபாண்டியிடம் சொன்னார். வீரபாண்டி எழுந்து வாசல்வரை போய் ஒரு பையனிடம் ஏதோ சொல்லி அனுப்பினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கலர் சோடா பாட்டில் உள்ளே வந்தது. "அந்தம்மா காலையிலேருந்து தண்ணி கூடக் குடிக்கல" என்று யாரிடமோ சொல்லுவது மாதிரிச் சொன்னாராம். சாயங்காலம் பெட்டிக்கு சீல் வைத்து ஏஜெண்டுகள் கையெழுத்துப் போடுகிற நேரம், பேனா முதலில் வீரபாண்டி கைக்கு வந்தது. அதை மாடத்தி பக்கம் நீட்டினார்.

"நீ போடு மொதல்ல."

ஓட்டு எண்ணிக்கையில் ஆறுமுகச்சாமிதான் கடைசி. டெபாசிட் போனது. காலனிக்காரர்கள்கூட முக்கால்வாசிப் பேர் பெரிய கட்சிகளுக்குத்தான் போட்டதாக அவரிடமே சொன்னார்கள். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சுக்குப் போய் ஜெபம் முடிந்து வந்ததும், "அண்ணாச்சி, சைக்கிள எடுங்க" என்றார்.

"இன்னும் எங்கவே?"

"நன்றி சொல்ல வேண்டாமா?"

போன ஊருக்கெல்லாம் திரும்பப் போனோம். தோற்றவன் நன்றி சொல்ல வருகிறான் என்று சனம் வேடிக்கை பார்க்கக் கூடியது. ஓட்டுப் போட்ட எல்லாருக்கும் நன்றி என்று கும்பிட்டார். மோர் கொடுத்த பெரியவர், "நான் உமக்குப் போடலைவே" என்றார். "அதனால என்ன, நீங்க போட்டீங்கல்லா" என்றார் ஆறுமுகச்சாமி. அந்த மாசத்திலேயே ஞானஒளிவு சாருடைய ஊருக்கும் பஸ் ஏறிப் போனார்கள், மாடத்தியும் அவரும். சார் வெட்கப்பட்டு, "நான் என்னம்மா செஞ்சேன், சட்டத்துல உள்ளதுதான்" என்று சொல்லி, சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாராம்.

எண்பதாம் வருஷம் ஆறுமுகச்சாமி மறுபடியும் நின்றார், மாடத்தி மறுபடியும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த முறை கள்ள ஓட்டுப் போட ஒருவரும் வரவில்லை. தேர்தல் முடிந்ததும் காலனிக்கென்று தனி வாக்குச்சாவடி கேட்டு ஒரு மனு தயார் செய்தார். கையெழுத்து வாங்க எங்கெல்லாம் போனார் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் வீரபாண்டியே என் கடைக்கு வந்தார்.

"தையக்காரரு இருக்காரா? அந்த மனுவுல என் பேரும் இருக்கட்டும். அங்கன ஒரு பூத்து வந்தா எங்களுக்கும் கூட்டம் கொறையும்."

காரணம் எதுவாக இருந்தால் என்ன. ஆறுமுகச்சாமி மிஷினை விட்டு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வீரபாண்டி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எண்பத்து நாலு டிசம்பரில் காலனியில் புதிதாகக் கட்டியிருந்த சத்துணவுக் கூடத்தில் வாக்குச்சாவடி வந்தது. அன்றைக்குத் தூறல். எனக்கு ஓட்டு டவுனில். சீக்கிரமே போட்டுவிட்டு நொச்சிமேட்டுக்குப் போனேன். ஆறுமுகச்சாமி அந்த முறை நிற்கவில்லை. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பெண்கள் அடுப்பு வேலையை முடித்துவிட்டு, இடுப்பில் பிள்ளையோடு, கதை பேசிக்கொண்டே வந்து நின்றார்கள். நடக்க முடியாத கிழவி ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அவளுக்கு அதுதான் முதல் ஓட்டு.

"இந்தத் தடவை நிக்கலையா வே?" என்று கேட்டேன்.

"அதான் நிக்கேனே அண்ணாச்சி, வரிசையில" என்றார்.

எண்பத்தொன்பது ஜனவரியில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஓடையைத் தாண்டிக் காலனிக்கு வந்து ஓட்டுக் கேட்டார்கள். முன்பெல்லாம் பெரிய தெருவோடு திரும்பிவிடுவார்கள். அங்கே எத்தனை ஓட்டு, யாருக்கு விழுந்தது என்று இப்போது தனியாகத் தெரியுமே. மாடத்தி ஒருவரையும் விடவில்லை. ஓடைக்குப் பாலம் எப்போ வரும் என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டாள். பாலம் இன்னும் வரவில்லை. வரும் என்றுதான் சொல்லுகிறார்கள்.

நான் வாழ்க்கையில் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு தேர்தலுக்கு ஆறுமுகச்சாமிக்காகப் போட்டதுதான் மனசில் நிற்கிறது. டவுனில் படித்தவர்கள், வசதியானவர்கள் எவ்வளவோ பேர் இருக்க, பக்கத்துக் கடைக்காரன் என்று என்னிடம் வந்து கேட்டாரே, அதற்கு அவருக்கு நான்தான் நன்றி சொல்லணும். ஒருநாள் சொல்லியும் விட்டேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கே நாயம்" என்று சிரித்துவிட்டு, எனக்கென்று தைத்து வைத்திருந்த சட்டையை எடுத்து, போட்டுப் பார்க்கச் சொன்னார். தோள் கொஞ்சம் பிடித்தது. பிரித்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.