அப்பா குரங்கு வேஷம் கட்டிய புரட்டாசி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்த வருஷங்களைக் கூட்டினால் என் மூத்த மகளின் வயது வரும். நோட்டை எடுப்பேன், முதல் வரி எழுதுவேன், அடுப்பில் பால் பொங்கும், எழுந்து போய்விடுவேன். பால் பொங்காத நாளில் வேறு ஏதாவது சாக்கு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றதால் எழுத வராது என்று பிறரிடம் சொல்லிக்கொள்வேன். உண்மை அதுவல்ல. அம்மன் பெயரைச் சொல்லி நடந்த ஒரு காரியத்தில் நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தை சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் சாமிக்குப் பொறுக்காது.

போன மாதம் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, வீட்டுக்கு வந்திருந்தான். அவனிடம் கேட்டேன். "எழுதுட்டி. எம் பேரை மட்டும் போட்டுராத. எம் பொண்டாட்டி வீட்டு ஆளுக படிச்சாலும் படிக்கும்" என்றான். ஆகவே இதில் யார் பெயரும் இல்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. எங்கள் ஊர் திருநெல்வேலிக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில், டவுன் பஸ் திரும்பிப் போகும் கடைசி ஊர். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பெரியப்பா வீடு. நடுவில் ஒரு சின்னக் கதவு. அது எப்போதும் திறந்தே கிடக்கும். எங்கள் வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் அந்த வீட்டிலிருந்து கிண்ணம் வந்துவிடும்.

கோடை விடுமுறையில் அண்ணன் ஒரு உடைந்த குடைக் கம்பியை வளைத்து வில் செய்தான். தென்னை ஈக்குதான் அம்பு. வாழை மரத்தில் கரியால் வட்டம் போட்டு அதில் அடிப்பது விளையாட்டு. மரத்துக்குப் பக்கத்தில் நின்று அம்பைப் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. அன்று காலை ஒரு அம்பு வட்டத்தில் படவில்லை. என் இடது கண்ணில் பட்டது.

அந்த வலி எனக்கு இப்போது நினைவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா ஓடிய ஓட்டம்தான் நினைவிருக்கிறது. அப்பா பால் சொசைட்டியில் பால் அளந்துகொண்டிருந்தார். அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, காத்திராமல் ஆட்டோவில் ஏறிவிட்டாள் அம்மா. சேலை முந்தானையால் என் முகத்தை மூடியிருந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் சத்தம் போட்டு வேண்ட ஆரம்பித்தாள்.

"தாயே, முத்தாரம்மா, எம் பிள்ளைக்குக் கண்ணைக் குடுத்துரு. இவ அப்பா தசராவுக்கு வேஷம் கட்டி ஒன் வாசலுக்கு வருவாரு."

குலசேகரன்பட்டினத்துத் தசராவைப் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, விரதம் இருந்து, கையில் காப்புக் கட்டி, நேர்ந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுப்பார்கள். கிடைப்பதைக் கொண்டுபோய் அம்மன் உண்டியலில் போடுவார்கள். கலெக்டரே ஆனாலும் நேர்ந்தால் கையேந்த வேண்டும். காளி, குறவன், குறத்தி, போலீஸ் என்று எல்லா வேஷமும் உண்டு. வேஷம் கட்டி வருகிறவரை ஊர் அம்மனாகவே பார்க்கும்.

எனக்குக் கண் சொருகியது. அம்மா என்னை உலுக்கினாள்.

"எட்டி, தூங்கிராத. ஒங்கப்பா என்ன வேஷம் கட்டட்டும்? நீ சொல்லு."

"குரங்கு" என்றேன். முந்தின வருஷம் ஒரு குரங்கு வேஷக்காரர் எங்கள் தெருவில் கரணம் அடித்ததைப் பார்த்திருந்தேன்.

ஆட்டோக்கார அண்ணாச்சி அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. "குரங்கு வேஷம் தாயே" என்று சேர்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகும் அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஆட்டோ மேட்டில் ஏறிய இரைச்சலில் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

கண்ணாஸ்பத்திரியில் அன்றே தையல் போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகுதான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அடுத்த பஸ்ஸைப் பிடித்து, பால் வாடையோடு அப்பா வந்து சேர்ந்தார். என் அப்பா சிரித்து நான் பார்த்தது குறைவு. பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடினாலும் கேனைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் வந்தால் சொசைட்டித் திண்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எழுந்துவிடுவார்கள்.

அம்மா நேர்ந்துகொண்டதைச் சொன்னாள். அப்பா உடனே ஒத்துக்கொண்டார். "கட்டுதேன். என்ன வேஷம்?"

"குரங்கு."

அப்பாவின் கை வந்து என் தலையைத் தடவியது. "சரி" என்றார்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வந்தார். இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்ததால் எனக்குக் குரல் மட்டும்தான். பயத்தில் மனிதர்கள் என்னென்னவோ பேசிவிடுவார்கள் என்று இப்போது தெரிகிறது. "பயலுக விளையாடுத எடத்துல பொட்டப் பிள்ளைய யாருலே விட்டா?" என்று கேட்டுவிட்டார். அப்பாவின் குரல் உயரவில்லை. "அண்ணே, இனி ஒன் வாசல்ல எங்காலு படாது" என்றார். செருப்புச் சத்தம் வெளியே போனது. நாங்கள் வீட்டுக்குத் திரும்பிய அன்று சுவர்க் கதவில் அப்பா குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தார். அண்ணன் எங்கள் பக்கம் வருவதே இல்லை. தெருவில் என்னைக் கண்டால் ஓடிவிடுவான்.

பிறகு ஒரு நாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரல்களைக் காட்டினார். மூன்று என்றேன். மூன்றுதான். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து டாக்டரின் காலைத் தொடப் போனாள், அவர் விலகிக்கொண்டார். தையல் போட்டது டாக்டரின் கை, அந்தக் கைக்குள் இருந்தது அம்மன் கை என்று என் அம்மா சொல்வாள். நானும் அப்படியே நம்புகிறேன்.

ஆனால் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வேண்டுதலை முடிக்காவிட்டால் கொடுத்த கண்ணை அம்மன் திருப்பி வாங்கிவிடுவாள் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். தினமும் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரிலுள்ள மாத நாட்காட்டியைப் பார்ப்பேன். எண் தெரிந்தால்தான் பல் விளக்கவே போவேன்.

புரட்டாசி பிறந்தது. அப்பா மாலை போட்டார். ஒரு வேளைச் சாப்பாடு, செருப்பு கிடையாது, தனிப் பாய். ஆஞ்சநேயர் போலக் கம்பீரமாகத் தைத்துவிடலாம் என்று தையல்காரர் சொன்னதற்கு, "பிள்ள கேட்டது வெறுங் குரங்கு" என்று சொல்லிவிட்டார். சணல் முடி வைத்த சட்டையும், பஞ்சு அடைத்து ஆறடி நீளத்தில் ஒரு வாலும் வந்தன.

காப்புக் கட்டிவிட்டு வந்த அன்று, "பஸ் ஸ்டாப் கடைகளும் வடக்குத் தெருவும் போதும்" என்றார் அப்பா. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம தெருவுல ஒரு வீடு விடாம எடுக்கணும்னுல்லா நேந்திருக்கேன்" என்றாள்.

"ஒரு வீடு விடாமன்னா?"

"விடாமன்னா விடாமத்தான்."

"அன்னைக்கு ஆஸ்பத்திரில இதச் சொல்லலியே நீ."

"எங்க சொல்ல விட்டிய? குரங்குன்னதும் ஒங்க மொகம் போன போக்குல நான் மீதிய முழுங்கிட்டேன்."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நேரே எங்கள் ஊர்க் கோயில் பூசாரியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். நேர்ந்ததில் ஒரு வீட்டைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எந்த வீடு என்று பூசாரி கேட்கவில்லை, ஊருக்கே தெரியும்.

"நேந்தது உம்ம வாயி இல்லையே வே. அது அவுக வாயி. அவுககிட்டப் போயிக் கேளும்."

திரும்பி வந்த அப்பா வாசலிலேயே நின்றார். அம்மாவிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்.

"எட்டி, நீதான ஆட்டோல கூட இருந்தே. ஒங்கம்மா ஒரு வீடு விடாமன்னா சொன்னா?"

அன்று காலை நாட்காட்டியில் எட்டு எனக்குக் கொஞ்சம் ஆறு மாதிரித் தெரிந்திருந்தது. அம்மா சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் கேட்கவில்லை என்று சொன்னால் அப்பா அந்த வீட்டை விட்டுவிடுவார். விட்டால் என் கண் போய்விடும்.

"ஆமா, சொன்னா" என்றேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை அப்பா குரங்கானார். வாய்க்குச் சிவப்பு, இடுப்பில் மணி, ஒரு கையில் தட்டு, தோளில் திருநீற்றுப் பை. வால் புழுதியில் புரளக் கூடாது என்று அதன் நுனியை என் கையில் கொடுத்தாள் அம்மா. தெருக் கோடியிலிருந்து ஆரம்பித்தோம். பெரியப்பா வீடு கடைசியில் வரும்படி அப்பாவே அப்படிப் போனார்.

பால் ஊற்றும் பெண்கள் விடுவார்களா? ஒரு அத்தை தட்டில் காணிக்கையைப் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, இதுல தண்ணி கலந்திருக்கான்னு நல்லாப் பாத்துக்கிடுங்க. பெறகு திருப்பி அனுப்பக் கூடாது" என்றாள். தெருவே சிரித்தது. சிரித்த வாயோடு அதே அத்தை குனிந்து அப்பாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த வீட்டில் ஒரு சின்னப் பையன், "குரங்கு குதிக்கவே இல்லையே" என்று அழுதான். அப்பா சுற்றிலும் பார்த்தார். பிறகு குதித்தார். பால் அளக்கும் என் அப்பா, தெரு நடுவில், மணி குலுங்க மூன்று முறை குதித்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பெரியப்பா வீட்டு வாசலில் மணிச் சத்தம் நின்றுவிட்டது. அப்பா படியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு படியில் கால் வைத்தார்.

கதவு ஏற்கனவே திறந்துதான் இருந்தது. பெரியம்மா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்து அப்பாவின் பாதத்தில் ஊற்றினாள். அவள் பின்னால் பெரியப்பா வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். அப்பா சட்டென்று பின்வாங்கினார்.

"அண்ணே, வேண்டாம்."

"சும்மா நில்லுலே. ஒன்னையா கும்பிடுதேன்? தாயல்லா கும்பிடுதேன்."

அப்பா நின்றார். நனைந்த பாதத்தைப் பெரியப்பா தொட, அப்பா திருநீறு எடுத்து அவர் நெற்றியில் பூசினார். கை சரியாகப் போகாமல் மூக்கிலும் பட்டது. பிறகு அப்பா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அவன எங்க?"

கதவுக்குப் பின்னால் அண்ணன் ஒளிந்து நின்றான். அவன் கால் மட்டும் தெரிந்தது.

"ஏலே, இங்கன வா. பைய வா, ஒண்ணும் செய்யமாட்டேன்."

அழுதுகொண்டே வந்தான். அப்பா அவன் நெற்றியில் திருநீறு பூசி, அது கண்ணில் விழாமல் ஒரு கையால் அவன் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு ஊதிவிட்டார். ஊதி முடித்தும் அந்தக் கையை உடனே எடுக்கவில்லை. அண்ணன் சணல் முடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான்.

"குரங்குக்குப் பழம் குடுக்காம அனுப்புனா ஊரு என்ன சொல்லும்?" என்று பெரியம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தாள். அப்பா அங்கேயே நின்று ஒன்றை உரித்துத் தின்றார்.

இவ்வளவுதான் நடந்தது. பத்தாம் நாள் குலசேகரன்பட்டினம் போய், தட்டில் விழுந்ததை எல்லாம் உண்டியலில் போட்டு, மறுநாள் காப்பை அவிழ்த்து, கடலில் குளித்துவிட்டு வந்தோம். பெரியப்பாவும் கூடவே வந்தார்.

வேஷம் கட்டிய அன்று, பெரியப்பா வாசலில் நின்றபோது நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் படியில் நின்றுகொண்டு, முந்தானையை வாயில் வைத்து, சிரித்துக்கொண்டிருந்தாள். என் கட்டைப் பிரித்த அன்றுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. கண் என்னுடையது, இவள் எதற்கு அவர்களைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் எட்டு எட்டாகவே தெரிந்தது. காரியம் முடிந்தது என்று பல் விளக்கப் போய்விட்டேன்.

ஆட்டோவில் அம்மா அப்படி வேண்டினாளா, இல்லை வெங்காயம் உரிக்கும்போது சேர்த்துக்கொண்டாளா என்று நான் கேட்டதில்லை. இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறாள், கேட்டால் சொல்லிவிடுவாள். அதனால்தான் கேட்கவில்லை.

படித்தவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அம்மன் கனவில் வந்தாள் என்று சேர்க்க வேண்டாம், எங்கள் யார் கனவிலும் வரவில்லை. டாக்டரை விட்டுவிட வேண்டாம். நன்றாக இருக்கிறது என்று குரங்கைக் காளியாக்கிவிட வேண்டாம். காதில் விழாத ஒன்றுக்கு ஒரு சிறுமி ஆமா என்று சாட்சி சொன்னாள். அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.