சுருளின் கடைசித் துண்டுகள்

கண்டாவளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு ரீச்சர் ஸ்கூட்டியில் வந்து, எங்கள் மேசையில் இரண்டு துவாய்களை அருகருகே வைத்தார். மாதவிடாய் நாட்களுக்கு நாங்கள் செய்து விற்கும் துவாய்கள். இரண்டும் ஒரே பொதியில் இருந்தவை.

"ஒண்டு கட்டையாக் கிடக்கு, பாருங்கோ. பிள்ளையள் சொல்லக் கூச்சப்படுகினம். அதுதான் நான் வந்தனான்."

என் தங்கை அவற்றை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தாள். ஒரு விரல்நுனி அளவு வித்தியாசம். அவள் முகம் கறுத்துப்போனது. ரீச்சர் போன பிறகும் அவள் அவற்றைக் கீழே வைக்கவில்லை.

விசுவமடுவில் பழைய நெற்களஞ்சியம் ஒன்றில் பெண்கள் சங்கம் நடத்துகிற சிறு தொழிலகம் அது. நான் பொதி கட்டுகிற பக்கம். அவள் மெசின் பக்கம். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவள். கொழும்பில் வேலை கிடைத்தும் போகாமல் இங்கே நின்றுவிட்டாள். ஏன் என்று சங்கத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். எனக்குத் தெரியும்.

சண்டையின் கடைசி மாதங்களில் கடற்கரையோரம் மண்ணில் வெட்டிய ஒரு பங்கருக்குள் இருந்தபோதுதான் அவள் பெரியபிள்ளையானாள். அம்மா தன் கூறைச்சேலையைக் கிழித்தா. குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் துணியை எதில் அலசுவது? பங்கருக்குள் எங்களோடு வேறு இரண்டு குடும்பங்கள். நான் ஒரு சாரத்தை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் அதற்குப் பின்னால் சத்தம் வராமல் அழுதாள். தண்ணீர் தேடி வெளியே போன அப்பா திரும்பி வரவில்லை. அந்த நாட்களைப் பற்றி அவள் பிறகு ஒருபோதும் கதைத்ததில்லை. ஆனால் துவாய் ஒன்று கட்டையாகப் போனால், யாரோ தன்னை அடித்ததுபோல நின்றாள்.

மெசின் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தில் பஞ்சுத்தாள் பெரிய சுருளாக இருக்கும். அது இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே போகும். மேல் உருளையில் துவாயின் வடிவத்தில் கத்தி எழும்பி நிற்கும். கீழ் உருளை வழுவழுப்பானது. சுற்றச் சுற்ற, ஓடுகிற தாளிலிருந்து துண்டுகள் வெட்டுப்பட்டு விழும். அதே கத்தி, அதே உருளைகள். அப்படியிருக்க, ஒரு துண்டு எப்படிக் கட்டையாகும்?

அவள் ஒரு முழுச் சுருளையும் பக்கத்தில் நின்று பார்த்தாள். தொடக்கத்தில் விழுந்தவை சரியான நீளம். சுருள் மெலிய மெலிய நீளம் குறைந்துகொண்டே வந்தது. கடைசித் துண்டுகள்தான் மிகக் கட்டை. தேநீர் நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, தாளில் பேனையால் இரண்டு கோடு போட்டாள்.

"அக்கா, அந்தப் பக்கத்தைப் பிடிச்சு இழு."

இழுத்தேன். கோடுகள் விலகின.

"இப்ப விடு."

விட்டதும் தாள் சுருங்கிக் கோடுகள் கிட்ட வந்தன.

"பார்த்தியே? இழுபட்டு நிக்கேக்க கத்தி சரியாத்தான் வெட்டுது. வெட்டி விழுந்தாப் பிறகு சுருங்குது. சுருள் சின்னனாக ஆக இழுவை கூடுது. பிரேக் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இறுக்கிப் பிடிக்குது, அதுதான் பிழை."

சுருள் கண்டபடி ஓடிவிடாமல் அதன் அச்சை ஒரு தோல்பட்டி இறுக்கிப் பிடித்திருந்தது; அதுதான் பிரேக். அந்தப் பிடியைச் சுருளின் பருமனுக்கு ஏற்றபடி தானாகத் தளர வைக்க வேண்டும். அவள் பல நாள் யோசித்தாள். சாப்பிடும்போதும் விரலால் கோப்பையின் விளிம்பில் ஏதோ கீறிக்கொண்டிருப்பாள். கடைசியில் சுருளுக்கும் கத்திக்கும் நடுவில், மேலும் கீழும் அசையக்கூடிய ஓர் உருளையைத் தொங்கவிட்டாள். பிளாஸ்டிக் குழாய்த் துண்டுதான். அதிலிருந்து சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றைத் தோல்பட்டிக்குக் கொடுத்தாள். தாள் இறுகினால் குழாய் மேலே எழும்பும்; கம்பி பட்டியை இளக்கும். தாள் தொய்ந்தால் குழாய் இறங்கும், பட்டி இறுகும்.

முதல் நாள் குழாய் குதித்துக் குதித்துத் தாளை அறுத்தது. கொழும்பிலிருந்து வந்து மெசினைப் பார்க்கிற எஞ்சினியர், ஒரு வில்லுக்கம்பி போட்டால் குதிக்காது என்று சொன்னார். போட்டாள். அடுத்த சுருளில் முதல் துண்டையும் கடைசித் துண்டையும் ஒன்றாக வைத்து என் கையில் தந்தாள். விளிம்போடு விளிம்பு பொருந்தியது.

"ரீச்சருக்கு நீயே கொண்டுபோய்க் குடு," என்றேன்.

போனாள். சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்பும் பின்பும் அதிகம் கண்டதில்லை.

பிறகு இரண்டாவது பிரச்சினையில் இறங்கினாள். ஒரு பக்கத்துக் கத்தி முழுதாக வெட்டாமல் நூல் தொங்கியது. அதை எங்கள் பெண்கள் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். உருளையின் இரு முனையிலும் உள்ள வளையங்கள்தான் பாரத்தைத் தாங்கவேண்டும், அதில் ஒன்று தேய்ந்து உருளை சரிந்துவிட்டது என்று கண்டுபிடித்தாள். கிளிநொச்சியில் ஒரு லேத் கடையில் புது வளையங்கள் கடையக் கொடுத்தாள். அவை வருவதற்கு முன் ஒரு காலை, மெசினுக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள்.

தூக்கியபோது அவளது உடுப்பு நனைந்திருந்தது. அது தண்ணீர் இல்லை.

மாதக்கணக்காக இரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த பெண் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம், அம்மா," என்று மட்டும் சொன்னார். புற்றுநோய். கருப்பையில் தொடங்கிப் பரவிவிட்டது.

"ஏனடி சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"மெசின் வேலை முடியட்டும் எண்டு இருந்தனான்." சுவர்ப்பக்கம் திரும்பிச் சொன்னாள்: "வெக்கமாயும் இருந்தது அக்கா."

நாளும் பொழுதும் துவாய் செய்கிறவள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சப்படக்கூடாது என்று பாடுபட்டவள். எனக்குச் சொல்ல அவளுக்கு வெட்கம்.

வளையங்கள் வந்தபோது அவள் வார்ட்டில் இருந்தாள். நானும், மெசினில் தாள் கோக்கிற அக்காவும் அவற்றைப் பூட்டினோம். அந்த அக்கா எங்களைவிட வயதில் மூத்தவர், முள்ளுக்கம்பி மாதிரி வாய், ஆனால் அன்று நான் கேட்கும் முன்பே ஸ்பானரை எடுத்து நீட்டினார். நான் தங்கைக்குப் போன் எடுத்தேன்.

"போனை உருளைக்குக் கிட்டப் பிடி, முதல் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம்," என்றாள். குரல் தேய்ந்திருந்தது. "ஓடவிடு."

ஓடவிட்டோம்.

"நிப்பாட்டு. வலப்பக்கம் இரும்பில அடிக்குது. அந்த ஸ்குரூவைக் கொஞ்சம் இளக்கு. கனக்க வேண்டாம்."

இளக்கினோம். மறுபடியும் ஓடவிட்டோம். அடிக்கிற சத்தம் அடங்கி, தாள் வெட்டுப்படுகிற மெல்லிய சரசரப்பு மட்டும் வந்தது. அவள் மூச்சுவிடுவது போனில் கேட்டது.

"விழுந்ததே?"

"விழுந்தது. தானா விழுந்தது. நூல் இல்லை."

"எனக்கு ஒண்டு கொண்டு வா."

அடுத்த நாள் பஸ்ஸில் கொண்டுபோனேன். படுத்தபடியே விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினாள். ஒரு வளைவில் நிறுத்தினாள். "இதில இன்னும் ஒரு நூல் நிக்குது," என்றாள். நான் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. "பரவாயில்லை," என்று தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி டொக்டர் அனுப்பினார். மாரி தொடங்கியிருந்தது. முற்றத்தில் தண்ணீர் நின்றது. அம்மா அவளுக்குக் கஞ்சியைக் கரண்டியால் பருக்குவா. அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். ஒரு பின்னேரம் அப்படியே பிடித்தபடி போய்விட்டாள். அம்மா கனநேரம் அது தெரியாமல் இருந்தா.

குளிப்பாட்டி உடுத்துகிறபோது பெண்கள் மட்டும் அறையில் நின்றோம். இரத்தம் அப்போதும் நிற்கவில்லை. யாரோ பழந்துணி தேடினார்கள். "வேண்டாம்," என்று சொல்லிவிட்டு நான் அலுமாரியைத் திறந்து எங்கள் பொதி ஒன்றை எடுத்தேன். விளிம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வைத்தேன்.

பெண்கள் சுடலைக்குப் போகிற வழக்கமில்லை. வாசல் படலையில் நின்று பார்த்தோம். தாள் கோக்கிற அக்கா என் தோளைப் பிடித்திருந்தார்.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வேலைக்குப் போன பிறகு, நான் ஊர் மருத்துவமாதுவைத் தொழிலகத்துக்கு அழைத்துவந்தேன். எந்த வயதில் என்ன சோதனை செய்யவேண்டும், எந்த இரத்தப்போக்கைச் சும்மா விடக்கூடாது என்று அவர் விளங்கச் சொன்னார். பெண்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கேள்வியும் இல்லை. அவர் போய்விட்டார்.

பின்னேரம் கதவு பூட்டும்போது தாள் கோக்கிற அக்கா மட்டும் நின்றார்.

"எனக்கும் இடைக்கிடை வருது பிள்ளை. மாதம் நிண்டு கன வருசம்."

"நாளைக்குப் போவம்."

"நாளைக்குச் சுருள் மாத்த வேணும்."

"அது கிடக்கட்டும் அக்கா."

போனோம். சோதித்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மருந்து எடுத்தால் போதும் என்றார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் யன்னல்பக்கம் இருந்து அழத் தொடங்கினார். சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

"என்னை விட்டிட்டு அவளை எடுத்திட்டானே கடவுள்," என்றார்.

அவருடைய பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே வயல்களில் வெள்ளம் வற்றி, நாற்று மஞ்சளாய் நின்றது.