மாமியார் காயை வெட்டாத மருமகள்

மாயக்காள் நத்தத்திலிருந்து சேவுகம்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது ஐம்பத்தெட்டாம் வருஷம். வந்த மறுவாரமே தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மாமியார் கருப்பம்மாளுக்குத் தாயம் என்றால் உயிர். காலையில் மல்லிகையைப் பறித்துச் சந்தைக்கு அனுப்பியதும், அடுப்படித் தரையில் கரித்துண்டால் கட்டம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். புது மருமகளையும் எதிரே உட்காரவைத்தாள். தாயத்துக்கு வீட்டுக்கு வீடு ஒரு சட்டம். ஒரு வீட்டில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், இன்னொரு வீட்டில் ஐந்துக்கும் இறங்கும். கட்டை கட்டத்துக்கு வெளியே உருண்டால் சிலர் செல்லாது என்பார்கள், சிலர் கண்டுகொள்ள மாட்டார்கள். எதைச் சேர்த்தாலும் கழித்தாலும் அந்த ஆட்டம் தாங்கிக்கொள்ளும். ஒன்றே ஒன்றில் மட்டும் யாரும் கைவைப்பதில்லை. எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் நுழையலாம்; நுழைந்தால்தான் பழம், பழம் எடுத்தால்தான் ஜெயிப்பு.

அன்றைக்கு மாயக்காளுக்கு மூன்று விழுந்தது. மூன்றாம் கட்டத்தில் மாமியார் காய். அவள் வெட்டாமல் வேறு காயை நகர்த்தினாள்.

"ஏத்தா, வெட்டலையா?"

"ஒங்க காய நான் வெட்டுறதா அத்த? அது மரியாதையா?"

கருப்பம்மாள் பூரித்துப்போனாள். தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தாள். அதோடு அது அந்த வீட்டுச் சட்டமாகிவிட்டது. மருமகள் மாமியார் காயை வெட்டக்கூடாது. மாமியார் மருமகள் காயை வெட்டலாம், அதற்கென்ன! அட மடச்சி, இரண்டே பேர் ஆடுகிற ஆட்டத்தில் அவள் காயை விட்டால் வேறு யார் காயை வெட்டுவாய்? இது உறைக்க மாயக்காளுக்குச் சில மாதம் பிடித்தது.

வெறும் பொழுதுபோக்கு என்றால் தொலையட்டும் என்று விடலாம். மாயக்காளின் தாய் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். கூடப் பிறந்தவர்களும் இல்லை. நத்தத்தில் இருந்தது அப்பன் ஆண்டிச்சாமி ஒருவர்தான். ஆடிக்குப் போகட்டுமா, பொங்கலுக்குப் போகட்டுமா என்று கேட்டால் மாமியார் சிரித்துக்கொண்டே கட்டையை எடுப்பாள்.

"ஒரு பழம் எடு, போயிட்டு வா. நானா வேணாங்கேன்?"

மாயக்காளின் காய்கள் உள்கட்டத்து வாசலில் போய் நிற்கும். நின்று, ஒவ்வொன்றாக வெட்டுப்படும். புருஷன் அழகரிடம் முறையிட்டால், "ஆத்தாதான் போகச் சொல்லுதே, நீ ஜெயிக்க வேண்டியதுதான புள்ள" என்பான். பெரிய நியாயஸ்தன்!

அறுபத்து மூன்று சித்திரையில் நத்தத்து ஆள் ஒருவர் வந்து சொன்னார். "ஒங்கய்யா படுத்துட்டாரு தாயி. மக வந்துட்டாளான்னு வாசலயே பாத்துக்கிட்டுக் கெடக்காரு."

மாயக்காள் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் முன்னால் போய் நின்றாள். பூ கொட்டுகிற நேரம், பறிக்க ஆளில்லை. கருப்பம்மாள் கட்டத்தைப் போட்டாள்.

"அத்த, இந்த ஒரு தடவ மட்டும் அந்தச் சட்டம் வேணாம்."

"நீ வச்சதுதானடி. நானா வச்சேன்?"

ஆடினாள். ஆறு விழுந்தது. ஆறாம் கட்டத்தில் மாமியார் காய். மாயக்காள் அதை வெட்டித் தூக்கி வெளியே வைத்தாள்.

"அய்யய்யோ, என்னைய வெட்டிட்டாளே!" என்று கருப்பம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். தோட்டத்திலிருந்து அழகர் ஓடிவந்தான், அரிவாள்வெட்டு என்றே நினைத்திருப்பான். விஷயம் தெரிந்ததும் ஒரு மனுஷன் சிரிக்க வேண்டாமா? பெண்டாட்டியைக் கன்னத்தில் அறைந்தான்.

"ஆத்தா கால்ல விழு. இல்லேன்னா போ, பிள்ளைய விட்டுட்டு அப்பிடியே போயிரு."

அவள் விழவில்லை. இடுப்புப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. பழையபடி பூப் பறித்தாள்.

அந்த வாரமே சாவுச் செய்தி வந்தது. சாவுக்கு ஆட்டம் எதுவும் இல்லை. கருப்பம்மாளே பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மருமகளைக் கைப்பிடித்து பஸ் ஏற்றினாள். நத்தத்தில் இறங்கித் தெருமுனையிலேயே ஒப்பாரியை எடுத்தாள் பாருங்கள், ஊரே கலங்கிப்போனது. மாயக்காளுக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"சம்பந்திக்கு இம்புட்டு அழுகுறவள எங்க பாத்திருக்கோம்? குடுத்து வச்சவடி நீ," என்றாள் பக்கத்து வீட்டு ஒச்சாயி.

மாயக்காள் அப்பனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆமாக்கா," என்றாள். "பொறந்த வீட்டுக்கு விடமாட்டேங்கிறாளேன்னு இனிமே எங்க அத்தைய ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது."