கீழ் வரிசையில் ஒரு படம்

செம்மண்டலத்தில் பேருந்துக்கு நிற்கிறேன். எதிரில் இரண்டு பேர் புது பேனரைச் சவுக்குக் கழியில் கட்டுகிறார்கள். காற்று திரும்பியதும் அந்த வாடை வந்துவிட்டது. மண்ணெண்ணெயில் நகப்பூச்சைக் கொட்டியது போல, மூக்கில் ஏறித் தொண்டையில் உட்காரும் மை வாடை. யாருடைய பேனர் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வாடைக்கு எனக்கு ஒரே முகம்தான்.

சிதம்பரத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் சில வருடங்கள் கணினி முன் உட்கார்ந்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சி, கண்ணீர் அஞ்சலி, எல்லாமே ஒரே சுருளிலிருந்து வெட்டுவதுதான். துணி என்று நினைப்பார்கள். துணியில்லை. நூல் வலை ஒன்றை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கை ஒட்டியது. நூல் நெருக்கமான ரகத்தை ஸ்டார் என்போம். காற்றுக்குத் தாங்கும், விலை ஜாஸ்தி. மேலே விழும் மை பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து உள்ளே இறங்கிவிடும். அதனால் மழை அதை ஒன்றும் செய்யாது. வெயில்தான் தின்னும். மஞ்சளும் சிவப்பும் முதலில் போகும். நீலமும் கறுப்பும் கடைசிவரை நிற்கும். புவனகிரி சாலையில் பார்த்திருப்பீர்கள், செத்தவர்கள் எல்லாரும் நீலமாகத்தான் சிரித்துக்கொண்டிருப்பார்கள், விஷம் குடித்தவர்கள் போல.

அஞ்சலி பேனரில் மேலே பெரிதாக இருப்பவரால் யாருக்கும் தொல்லை கிடையாது. தகராறெல்லாம் கீழ் வரிசையில். துக்கப்படுகிறவர்களின் சின்னச் சின்னப் படங்கள். மூத்த மருமகன் முகம் இளையவன் முகத்தைவிட ஒரு விரல் சிறுத்துவிட்டால் பந்தலிலேயே சட்டையைப் பிடிப்பார்கள். யார் சொந்தம், யார் சொந்தமில்லை என்று ஊர் அந்த வரிசையைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

ஒருநாள் காலை அஞ்சலி பேனருக்காக வந்த இளைஞனுக்குக் கீரப்பாளையம் பக்கம். அவன் அப்பா முந்தின நாள் வயலிலேயே விழுந்து இறந்துபோயிருந்தார். படங்களைச் செல்பேசியில் அனுப்பிவிட்டு, கிளம்பும்போது திரும்பி வந்தான்.

"அண்ணே, இதுல இருக்கிறவங்க மட்டும்தான். எங்க பெரியப்பா வந்து கேட்டாலும் கேப்பாரு. போட்டுடாதீங்க."

"சொந்தப் பெரியப்பாவா?"

"வாய்க்கால மறிச்சி எங்க நாத்தெல்லாம் காய வுட்டாரு. அன்னையிலேர்ந்து அவரு யாரோ, நாங்க யாரோ."

அவன் போனதும் அஞ்சலி வரியைத் தட்டச்சு செய்தேன். மெஷின் ஓட்டும் நண்பன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"மச்சான், எல்லா சாவுக்கும் இதே வரியத்தான் போடுற. செத்தவன் கோச்சிக்கப் போறான்."

"படிச்சிட்டு எவன்டா எழுந்து வரப்போறான்?"

"நீ போனா நானே ஸ்டார்ல அடிச்சித் தரேன், கவலப்படாத."

"வேணாம்டா. மட்டமான ரகத்துலயே அடி. சீக்கிரம் வெளுக்கட்டும்."

சிரித்துக்கொண்டே மெஷினைப் போட்டான். சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் ஒரு பெரியவர் நின்றார். கணுக்காலில் காய்ந்த சேறு. விரல்களுக்கு நடுவில் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். எதிலிருந்தோ பிய்த்தது, பின்னால் பசை காய்ந்திருந்தது.

"தம்பி, கீரப்பாளையத்துலேர்ந்து ஒரு சாவு பேனரு வந்திருக்குமே. கீழ என் படத்தையும் வச்சிடுங்க. ஓரமா வச்சாக்கூடப் போதும்."

"நீங்க அவருக்கு..."

"கூடப் பொறந்தவன். மூத்தவன்."

கீழ் வரிசை அச்சாக நேரம் இருந்தது. நிறுத்திவிட்டுச் சேர்க்கலாம், பெரிய வேலையில்லை. காலையில் வந்த இளைஞனுக்குப் போன் செய்தேன். காதோடுதான் வைத்திருந்தேன், ஆனாலும் அவன் கத்தியது கடை முழுக்கக் கேட்டது.

"அந்தாளு மூஞ்சி அதுல இருந்துச்சி, பேனரக் கிழிச்சி வெள்ளாத்துல வுட்டுடுவேண்ணே!"

பெரியவர் படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "அவங்கப்பனும் இப்பிடித்தான், கோவம் ஜாஸ்தி" என்றார். ஏதோ பெருமை போல. போகவில்லை. மெஷினையே பார்த்தார்.

"கொஞ்ச நேரம் நிக்கட்டுமா தம்பி? சாவு வூட்டு வாசல்லயே மறிச்சிட்டானுவ. மொகத்த இன்னும் பாக்கல."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. மெஷினின் தலை இடமும் வலமுமாக ஓடியது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கீற்று முகம். முதலில் தலைமுடி. பிறகு நெற்றி. அந்த மெஷின் யாரையும் அவசரமாகக் காட்டாது. புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் அத்தனை நேரம் எடுத்துக்கொள்ளும். கண் வந்தபோது பெரியவர் கையைக் கட்டிக்கொண்டார். மூக்கு. மீசை. தாடை முடிகிற இடத்தில் நண்பன் திட்டிக்கொண்டே நிறுத்தினான். மை விழும் துளை எங்கோ அடைத்திருந்தது. குனிந்து பார்த்தால் இரண்டு கண்களின் மேலும் வெள்ளைக் கோடுகள்.

வழக்கம்போல அதை வெட்டித் தரையில் போட்டான். முகம் மேலே பார்த்துக் கிடந்தது.

"இத என்னா பண்ணுவீங்க?"

"கீழ விரிச்சிப்போம். மாட்டுக் கொட்டாய்க்குக் கேட்டாக் குடுப்போம்" என்றான் நண்பன், துளையைத் துடைத்தபடி.

"காலடியிலயா?"

பெரியவர் குனிந்து அதைத் தூக்கினார். தாடையோடு வெட்டுப்பட்ட முகம். அதற்குக் கீழே மருமகன்கள் இல்லை, மச்சான்கள் இல்லை, என் வரி இல்லை. கீழ் வரிசையே இல்லை. கேட்காமலே மடிக்கத் தொடங்கினார். நண்பன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"மடிக்காதீங்க, மை காயல. சுருட்டுங்க. மொகம் வெளிய தெரியுற மாதிரி சுருட்டுங்க. உள்ள வச்சா மை ஒட்டிக்கிட்டு மூஞ்சி உரிஞ்சிடும்."

பெரியவர் சொன்னபடியே சுருட்டினார். வெளிப்பக்கம் தம்பியின் ஒரு கண்ணும் பாதி மீசையும். படியிறங்கியவர் தெருவிலேயே நின்றார். சுருளைப் பிரித்தார். முகத்தை உள்ளே திருப்பி, இறுக்கமாக, மறுபடியும் சுருட்டினார்.

"ஐயா, அப்பிடி வச்சா ஒட்டிக்கும்" என்று வாசலிலிருந்து சொன்னேன்.

"ஒட்டட்டும் தம்பி. அவன் வூட்டு வாசலத் தாண்டித்தான் என் வூட்டுக்குப் போவணும்."