அஷ்டமி சாயங்காலம் ஒரு விருது

எங்கள் ஆபீஸில் ஊழியர்களை உற்சாகப்படுத்தும் பொறுப்பு ஹெச்.ஆர். பெண்ணுடையது. நல்ல பெண்தான். திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்துச் சிரிக்கச் சொல்வாள். சிரிப்பு வராதவர்கள் நடுவில் வந்து தனியாகச் சிரித்துக் காட்ட வேண்டும். லிஃப்டுக்குப் பக்கத்தில் பலகை ஒன்றை மாட்டி, சக ஊழியருக்கு நன்றி எழுதி ஒட்டச் சொன்னாள். 'ஏ.சி.யைக் குறைத்த புண்ணியவானுக்கு நன்றி' என்று நான் ஒட்டியதை மறுநாள் காணோம்.

எங்கள் டீம் லீடர் அவளுக்கும் மேல். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். குடும்பம் என்றால் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபின் பரிமாற ஒருத்தி வேண்டுமே. துர்கா பூஜை வந்தால் அந்த ஒருத்தி நான். கடல் கடந்த வாடிக்கையாளருக்குப் பூஜையாவது ஒன்றாவது. அவருடைய சிஸ்டம் படுத்துவிட்டால் எழுப்பி நிறுத்த, மதியத்திலிருந்து யாராவது நியூ டவுன் ஆபீஸில் காவல் இருக்க வேண்டும். "உங்களுக்குத்தான் பொங்கல் இருக்கே, திதி" என்று, பெங்காலியில் அக்கா போட்டுக் குழைந்தே, வருஷா வருஷம் என் தலையில் கட்டிவிடுவார்கள். பொங்கலுக்கு லீவு கேட்டால், அன்றைக்கு இங்கே விடுமுறை இல்லையே என்பார்கள்.

நான் பிறந்ததே இந்த ஊரில், டாக்குரியாவில். என் பெண்ணுக்குத் தமிழைவிடப் பெங்காலிதான் சரளம். எங்கள் தெருப் பந்தலில் அஷ்டமி சாயங்காலம் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள். அவள் நடித்ததையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி அனுப்பும் வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். அதில் பாதி, பக்கத்து வீட்டுக்காரியின் கட்டைவிரல். இந்த முறை ஒத்திகையிலிருந்து வந்ததும் கேட்டாள்.

"மா, இந்தத் தடவையும் வீடியோலதான் பாப்பியா?"

கட்டாயம் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மீட்டிங்கில் நான் லீவு கேட்க வாயைத் திறப்பதற்குள் ஹெச்.ஆர். பெண் எழுந்தாள். பூஜை நாளில் வேலை பார்ப்பவரை ஊக்குவிக்கப் புதிதாக ஒரு விருதாம். பெயர், 'பூஜை வீராங்கனை'. காகிதக் கிரீடம் உண்டு, கேக் உண்டு. அஷ்டமி சாயங்காலம் என் சீட்டுக்கே வந்து தருவார்களாம். மற்றவர்கள் அவரவர் பந்தலிலிருந்து வீடியோ காலில் கைதட்டுவார்களாம்.

"அதுக்குப் பதிலா எனக்கு அன்னிக்கு லீவு குடுங்க" என்றேன் பெங்காலியில்.

டீம் லீடர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "உங்களுக்கும் பூஜை உண்டா?"

"பொறந்ததுலேர்ந்து."

குடும்பம் மொத்தமும் மேஜையைப் பார்த்தது.

"கேக் ஆர்டர் பண்ணியாச்சே, திதி" என்றாள் ஹெச்.ஆர். பெண், அழாத குறையாக.

"யார் உக்கார்றாங்களோ அவங்க வெட்டட்டும். நான் வரமாட்டேன்."

லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தேன். கோபம் பாதி, பயம் பாதி.

அஷ்டமியன்று குரூப்பில் ஒரு படம் வந்தது. புதுக் குர்த்தாவும் காகிதக் கிரீடமுமாக டீம் லீடர், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு. ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு போனைப் பைக்குள் போட்டேன். மேடையில் அசுரப் படை நுழைந்துகொண்டிருந்தது.

என் பெண் அதில் கடைசி வீரன். கத்தியைத் தூக்கினாள், ஒரு வசனம் சொன்னாள், உடனே செத்து விழுந்தாள். சண்டை அவளைத் தாண்டிப் போய்விட்டது. செத்துக் கிடந்தவள் ஒற்றைக் கண்ணைத் திறந்து கூட்டத்தில் தேடினாள். நான் கையை உயர்த்தினேன். பார்த்துவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.