பூவும் பழமும் கொண்டுபோன ஆராய்ச்சி

தொண்ணூறுகளின் நடுவில் நான் பெங்களூருக்கு வந்தபோது, காக்ஸ் டவுனில் எனக்குக் கிடைத்த வாடகை வீட்டின் கூரையில் மின்விசிறி மாட்டக் கொக்கி இல்லை. அருப்புக்கோட்டையில் வளர்ந்தவனுக்கு இது கதவில்லாத வீடு மாதிரி. வீட்டுக்கார அம்மாளிடம், எனக்குத் தெரிந்த நாலைந்து கன்னட வார்த்தைகளோடு கையை மேலே தூக்கிக் காட்டிக் கொக்கி கேட்டேன். "தொட்டிலிகா? மகு இதியா?" என்று அவர் முகம் மலர்ந்தது. தொட்டில் கட்டவா, குழந்தை இருக்கிறதா என்கிறார்! குளுகுளுவென்றிருந்த அந்த ஊரில் கூரையில் கொக்கி என்றால் அதற்கு மட்டும்தான். இல்லை என்று நான் சோகமாகத் தலையாட்டியதும், பாவம் என்று எனக்கு ஒரு தம்ளர் மோர் கொடுத்தார்.

ஊரில் இருந்து இதைப் படிக்கும் நீங்கள், அங்கே நான் என்ன வேலைக்குப் போனேன் என்று அன்று கேட்டதைப் போலவே இன்றும் கேட்பீர்கள். மரபணு ஆராய்ச்சி என்று சொன்னால் அப்பா "அதுக்கு எதுக்குடா அவ்வளவு தூரம்?" என்பார். சில குடும்பங்களில் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வரும். எந்த மரபணு மாறிப்போய் அப்படிச் செய்கிறது என்று தேடும் ஆய்வுக்கூடத்தில் நான் கடைக்குட்டி. குடும்பங்களைப் பார்த்து வம்சாவளிப் படம் வரைந்து, ரத்தம் வாங்கி வருவது என் பொறுப்பு. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர்களின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். இறந்துபோனவர்கள் மேல் ஒரு சாய்கோடு. வெளிநாட்டிலிருந்து வந்த கணினி நிரல், தாய்மாமனைக் கட்டிக்கொண்ட பெண்ணைப் பார்த்தால் போதும், படம் தப்பு என்று அடம்பிடிக்கும். நம் ஜனங்களில் பாதிப் பேரை அது ஏற்றுக்கொள்ளவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுனில் சரோஜா அம்மாள் வீட்டுக்குப் போனேன். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். மாமனார் மைசூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். அம்மாளுக்கு மார்பில் அறுவைச் சிகிச்சை நடந்து வருடம் ஒன்று ஆகியிருந்தது. ஆராய்ச்சிக்கு ஆள் வரலாம் என்று மருத்துவமனையில் சம்மதமும் சொல்லியிருந்தார். நோயாளியைப் பார்க்கப் போகையில் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் பழக்கம் அல்லவா? மார்க்கெட்டில் ஆப்பிள் வாங்கினேன். பக்கத்தில் இருந்த பூக்காரி விடவில்லை, இரண்டு முழம் மல்லிகையும் தலையில் கட்டினாள். புதுச் சட்டை வேறு. ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்கள் இருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தால் பயப்படுவார்களே என்று அதை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அந்த வீட்டில் கல்யாண வயதில் சுதா என்று ஒரு பெண் இருந்தாள், பள்ளிக்கூட ஆசிரியை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது நைசாக விசாரிக்க வருவார்கள் என்று தரகர் அந்த வாரம்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? "பன்னி, பன்னி, உக்காருங்க தம்பி" என்று, வாங்க என்பதைக் கன்னடத்திலும் மீதியைத் தமிழிலுமாகச் சொல்லி, நான் யாரென்று வாய் திறக்கும் முன்பே சரோஜா அம்மாள் பூவையும் பழத்தையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பஜ்ஜி வந்தது, கேசரி வந்தது. நான் பென்சிலை எடுத்து, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், யாருக்கு யாரைக் கொடுத்தீர்கள், உறவிலா அந்நியத்திலா என்று கேட்கக் கேட்க அவர் உற்சாகமாகச் சொன்னார். நோய் நொடி பற்றிக் கேட்டதும்தான் விறைத்தார்.

"எங்க வம்சத்துல சீக்குங்கற பேச்சே இல்ல தம்பி. தலைவலின்னு கூட யாரும் படுத்ததில்ல."

"உங்க அக்கா?"

"மாடிப்படில வழுக்கி விழுந்துட்டா."

"உங்க அம்மா?"

"அவங்களும்தான். அதே படி."

தனக்கு வந்ததைக் கூட அவர் சொல்லாததால், படத்தில் ஒரு வட்டம் கூடக் கறுக்கவில்லை. தப்பான வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று குழம்பி, கடைசியில், "சரிம்மா, எல்லார்கிட்டயும் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கலாமா?" என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்துக் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "ஐயோ தேவரே! இப்பல்லாம் பொண்ணு பாக்கறப்பவே ரத்தம் டெஸ்ட் பண்றாங்களா?"

சமையலறை வாசலில் நின்ற சுதாதான் முதலில் சிரித்தாள். வாசலுக்குப் போய் ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். "அம்மா, இவர் ஆஸ்பத்திரி சொன்ன ஆளு. நீ இவருக்குப் போயி பஜ்ஜி போட்டிருக்கே." சரோஜா அம்மாள் சிரித்துச் சிரித்து, சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு உள்ளதைச் சொன்னார். அக்காவுக்கும் அதே நோய்தான், அம்மாவுக்கும் அதேதான். நான் மூன்று வட்டங்களைக் கறுப்பாக்கினேன். அவற்றின் கீழே சுதாவின் வட்டம் வெள்ளையாக இருந்தது. அதை அவள் எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ரத்தம் எடுத்து முடித்ததும் சரோஜா அம்மாள், "அது இருக்கட்டும், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். ஊரில் நிச்சயம் ஆகிவிட்டது, தை மாதம் கல்யாணம் என்றேன். "அண்ணன் தம்பி யாராச்சும்?" செய்த பஜ்ஜி வீணாகக் கூடாது என்ற முடிவில் இருந்தார் போல. தப்பிக்க வேண்டுமென்று, ஓசூரில் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் அத்தை மகன் முருகேசனைக் கைகாட்டினேன்.

சும்மா சொன்னதுதான். ஆனால் ஜாதகம் ஓசூர் வழியாக அருப்புக்கோட்டை போய்ச் சேர்ந்து, பொருந்தியும் விட்டது. ஆய்வுக்கூடத்து போனில் அத்தை.

"ஏப்பா, நீ அங்கனதான இருக்க? பிரேசர் டவுனாம், சரோஜான்னு. நல்லா விசாரிச்சுச் சொல்லு. குடும்பத்துல சீக்கு கீக்கு உண்டா?"

வேலை செய்யும் மேசையில் அந்தப் படம் விரித்திருக்கிறது. விசாரிக்க வந்தவன் என்று அன்று என்னைத் தப்பாக நினைத்தார்கள். இன்று நிஜமாகவே நான்தான் விசாரிக்கிறவன். நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் சத்தியம். சொல்ல முடியாது என்றால் அதுவே சொன்ன மாதிரி. என்னைத் தூக்கி வளர்த்த அத்தையிடம் ஒன்றுமில்லை என்று பொய் சொல்லவும் நாக்கு வரவில்லை. "பஜ்ஜி நல்லா போடுவாங்க அத்தை" என்று சொல்லி போனை வைத்தேன்.

நேரே சுதாவின் பள்ளிக்கூடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள். "அம்மா சொல்ல விடமாட்டாங்க. வாயத் தொறந்தா உனக்கு இந்த ஜென்மத்துல கல்யாணம் இல்லம்பாங்க. நீங்களும் சொல்ல வேணாம் சார். நானே சொல்றேன்."

பெண் பார்க்க வந்த அன்று நானும் அத்தையோடு உட்கார வேண்டியதாயிற்று. சுதா பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள். "எங்கம்மாக்குப் புத்துநோய் வந்து ஆபரேஷன் ஆச்சு. பெரியம்மாவும் பாட்டியும் அதுலதான் போனாங்க. எனக்கு வரும்னும் இல்ல, வராதுன்னும் இல்ல. வருஷா வருஷம் செக் பண்ணிக்கணும். அது தெரிஞ்சு கட்டிக்கறவங்க கட்டிக்கட்டும்." சரோஜா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். என்னை நம்பி உண்மை சொன்ன வீட்டின் மானம் என் அத்தையின் வாயில் இருந்தது.

அத்தை சேலைத் தலைப்பைத் திருகினார். முருகேசனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "எங்க வீட்டுல எல்லாருக்கும் சர்க்கரை" என்றார். "எங்கய்யாவுக்குக் காலையே எடுத்தாச்சு. எங்கண்ணன், இந்தா இவன் அப்பாதான், தெனமும் ஊசி போடுறாரு. முருகேசுக்கும் ஆரம்பம்னு டாக்டர் சொல்றாரு. கேட்டா சொல்லுவோம்னுதான் வந்தோம். நீங்க கேக்கல." முருகேசன் அவசரமாகக் கேசரித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பஜ்ஜியை எடுத்தான். அது சம்மதம் என்று அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்த பெண் என்னிடம், "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டு நின்றதில் எனக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

இப்போது அந்த வீட்டுப் பெண் எனக்கு உறவு. படத்தில் சுதாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் முருகேசனின் சதுரத்தை வரைந்தவன் நான். அவர்களுக்குப் பெண் பிறந்தபோது கீழே சின்னதாக இன்னொரு வட்டமும் வரைந்தேன். காக்ஸ் டவுன் வீட்டுக்குள் மின்விசிறி எப்போதோ வந்துவிட்டது, பெங்களூரும் வெயிலில் அருப்புக்கோட்டை ஆகிக்கொண்டிருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை முடிந்ததும் சுதா போன் செய்வாள். "ஒண்ணும் இல்லண்ணா." எனக்குள் இருக்கும் ஆராய்ச்சிக்காரன் அந்தப் படத்தை எடுத்து விரிக்கிறான். அவளுக்கு அண்ணனானவன் அதில் ஒன்றும் எழுதாமல் மூடி வைக்கிறான்.