ஒரு குழந்தைக்காகத் திறக்காத குப்பி

காரமடைக்குப் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று தட்டம்மை ஊசிக்கு வந்தது ஒரே குழந்தை. ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். மீதியைக் கொட்ட வேண்டும். மருந்து வீணானால் மாதக் கூட்டத்தில் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் திட்டுவார்.

"அடுத்த புதன் வா அம்மணி," என்றேன்.

"ஏனுங்க சிஸ்டர், மில்லுல கெஞ்சித்தானுங்க இன்னைக்கே லீவு வாங்கினேன்," என்றாள் தாய். நான் அசையவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த புதன் அவள் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. குழந்தைக்குத் தட்டம்மை கண்டது. நெஞ்சில் சளி கட்டி, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் கிடந்து பிழைத்தது. காதில் சீழ் வைத்து, ஒரு காது கேட்காமல் போனது.

சில மாதம் கழித்து எங்களுக்குப் பயிற்சி வகுப்பு. உலகத் தடுப்பூசிக் கொள்கை எப்படி உருவாகிறது என்று ஒரு டாக்டர் விளக்கினார். நிபுணர் குழு கூடி, ஆய்வுகளை அலசிப் பரிந்துரை சொல்லும். அதைப் பார்த்து நாடுகள் முடிவெடுக்கும். உதாரணமாக ஒன்றைத் திரையில் காட்டினார்: ஒரே குழந்தை வந்தாலும் தட்டம்மைக் குப்பியைத் திறக்க வேண்டும்.

எழுந்துவிட்டேன். "இதை எப்பங்க சார் சொன்னாங்க?"

"பல வருஷமாச்சேம்மா. சுற்றறிக்கை வந்திருக்குமே."

உடம்பெல்லாம் எரிந்தது. முன்வரிசையில் மேலதிகாரி போனை நோண்டிக்கொண்டிருந்தார். அந்தக் குழு தப்பாகச் சொல்லியிருந்தால் அவர்களைத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை படித்தவர்கள் கூடி எடுத்த முடிவு இங்கே எவருடைய மேசை டிராயரிலோ தூங்கியிருக்கிறது. நானோ திட்டுக்குப் பயந்து ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கே போட்டிருக்கணும் கண்ணு. தப்புப் பண்ணிப்போட்டேன்."

"அப்ப மருந்து இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

"இருந்துமாங்க சிஸ்டர்?" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த புதனும் ஒரே குழந்தைதான் வந்தது; குப்பியைத் திறந்தேன். மருந்து வீணானதற்கு விளக்கம் கேட்டு மேலதிகாரியிடமிருந்து மெமோ வந்தது. அந்தப் பரிந்துரையை வரி விடாமல் எழுதி, 'இனியும் திறப்பேன்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மறுபேச்சு வரவில்லை. ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.